10 வாட் பேனலில் 10 வாட் ஏன் வருவதில்லை?

மொட்டை மாடிக்குச் சோலார் பேனலைத் தூக்கிக்கொண்டு போய் மாணவர்கள் கையில் மல்டிமீட்டரைக் கொடுத்தால், ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைச் செய்வார். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகியிருப்பார். அதை மறந்துவிட்டு, வோல்ட் பார்க்கிறேன் என்று பேனலின் இரு முனைகளிலும் நேராக வைத்துவிடுவார். ஷார்ட் சர்க்யூட்! பக்கத்தில் நிற்பவன் "எடுடா, எடுடா" என்று கத்துவான். ஆனால் பொறியும் பறக்காது, புகையும் வராது. மீட்டர் பாட்டுக்கு 0.55 ஆம்பியர் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

நான் பாடத்தைத் தொடங்குவது இங்கேதான். கார் பேட்டரியில் இதைச் செய்திருந்தால் மீட்டர் போயிருக்கும், கையும் சுட்டிருக்கும். பேட்டரி கேட்கக் கேட்கக் கரன்ட்டைக் கொட்டும். பேனல் அப்படியில்லை. மேலே விழும் வெயில் எத்தனை எலக்ட்ரான்களைக் கிளப்புகிறதோ அதுதான் அதன் உச்சவரம்பு. (10 வாட் குட்டிப் பேனல் என்பதால்தான் இந்தத் தைரியம். வரிசையாகக் கோத்த பெரிய பேனல்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். அங்கே கை வைக்கக் கூடாது.)

அப்புறம் 100 ஓம் ரியோஸ்டாட்டை (நகர்த்தி மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இணைத்து மெல்ல நகர்த்தச் சொல்வேன். 100 ஓமில் 18.8 வோல்ட், 0.19 ஆம்பியர். பெருக்கினால் மூன்றரை வாட். 10 ஓமுக்கு இறக்கினால் கரன்ட் 0.54 வரை ஏறும், ஆனால் வோல்ட் 5.4-க்குச் சரிந்துவிடும், மூன்று வாட்கூட இல்லை. நடுவில், 29 ஓம் பக்கம், 14.8 வோல்ட்டும் 0.51 ஆம்பியரும் சேர்ந்து ஏழரை வாட் வருகிறது. வரைபடத்தில் போட்டால் ஒரு குன்று. அதன் உச்சிதான் அதிகபட்சத் திறன் புள்ளி. மேகம் ஒன்று கடந்தால் உச்சி இடம் மாறிவிடும், மறுபடி தேட வேண்டும். மாணவன் கையால் செய்த இதே தேடலைத்தான், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் எம்.பி.பி.டி. (அதிகபட்சத் திறன் புள்ளியைத் தேடும்) சார்ஜ் கன்ட்ரோலர் செய்கிறது. கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும். வாட் கூடினால் அதே திசையில் தொடரும், குறைந்தால் திரும்பும்.

"சார், 10 வாட் என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கிறதே?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஸ்டிக்கரில் உள்ள கணக்கு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரியில் இருக்கும் செல்லும் (பேனலில் மின்சாரம் தரும் ஒவ்வொரு சிறு தகடும் ஒரு செல்) சேர்ந்தது. சித்திரை மதியத்தில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் என்று 35 டிகிரிக்கு 14 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. மீதிக் குறைவு தூசியாலும் கொஞ்சம் மங்கிய வெயிலாலும். நம்பாதவர்களைப் பேனலின் முதுகில் ஈரத்துணி ஒட்டச் சொல்வேன். சில நிமிடங்களில் வோல்ட் ஏறும்.

நிழல் சோதனைதான் எனக்குப் பிடித்தது. 36 செல்களில் ஒன்றை அட்டையால் மறைத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டால், "36-ல் ஒரு பங்கு" என்று எல்லோருமே சொல்வார்கள். மறைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் சரமே அணைகிற கதைதான். எல்லாச் செல்களின் கரன்ட்டும் அந்த ஒரு செல் வழியாகத்தான் போயாக வேண்டும். நிழலில் உள்ள செல் கரன்ட் தராது, அடுத்தவர் தருவதையும் விடாது, கூடவே சூடாகும். அதனால்தான் பெரிய பேனல்களின் பின்பக்கப் பெட்டியில் பைபாஸ் டையோடு வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு கரன்ட் போக அது மாற்றுப் பாதை.

சரி, ஏன் 36 செல்? எதையும் இணைக்காதபோது ஒரு செல்லுக்கு 0.6 வோல்ட் என்றால் 21.6 வருகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு இவ்வளவு எதற்கு? இதற்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் எழுதிய அட்டவணையையே மறுபடி பார்க்கச் சொல்வேன். வெயிலில் காய்ந்த பேனலின் உச்சி 14.8 வோல்ட்டில் நிற்கிறது. 12 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறச் சுமார் 14.4 வேண்டும்.