எபிஸ்கோப்பல்: கண்காணியா, ஆயரா, பேராயரா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை’ என்றொரு பழைய பங்கு (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சபை) இருக்கிறது. இயேசுவின் சீடரான தோமாவை நமக்குத் தெரியும். ஆப்பிரிக்காவும் விளங்குகிறது. தமிழாக்குகையில் இடறுவது எபிஸ்கோப்பல்தான்.

கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல்; ‘ஸ்கோபோஸ்’ என்றால் பார்ப்பவர். மேற்பார்ப்பவரான ‘எபிஸ்கோபோஸ்’ நாளடைவில் தேய்ந்து பிஷப் ஆனார். ஆக, பிஷப்புகளின் ஆளுகையில் இயங்கும் சபை எபிஸ்கோப்பல் சபை. பழைய தமிழ் வேதாகமம் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே இச்சொல்லைக் ‘கண்காணிகள்’ என்று தருகிறது. இதைவிடப் பொருந்தும் தமிழ் கிடையாது. ஆனால் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களை விரட்டி வேலை வாங்கியவரும் கங்காணிதான். பிஷப்பை இனி யார் அப்படி அழைப்பார்கள்?

கத்தோலிக்கர் சொல்லும் ‘ஆயர்’ மந்தை மேய்ப்பவரைக் குறிப்பது. மூலச் சொல்லின் பொருள் இல்லை என்றாலும் வழக்கில் நிலைத்துவிட்டது. ‘பேராயர்’ என்பதில்தான் குழப்பம். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) அது பிஷப்; கத்தோலிக்கரிடம் அவருக்கும் ஒரு படி மேலே உள்ள ஆர்ச்பிஷப். எனவே பொருள் விளக்க ‘ஆயராட்சித் திருச்சபை’ என்று எழுதலாம். பெயராக வருமிடத்தில் எபிஸ்கோப்பலை அப்படியே விடுவதே நல்லது.

அதுவரை இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்திருந்த அமெரிக்கர்களுக்கு இந்தப் பெயர் தேவைப்பட்டதற்குக் காரணம் அரசியல். விடுதலை பெற்ற நாட்டில் ‘இங்கிலாந்துத் திருச்சபை’ என்ற பெயரை வைத்துக்கொள்ள முடியாது. அதன் தலைவர் மன்னர். முதல் பிஷப்பான சாமுவேல் சீபரி, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய இயலாததால் ஸ்காட்லாந்து போய் 1784இல் அபர்தீனில் திருநிலைப்படுத்தப்பட்டார். மன்னரை விட்டார்கள், பிஷப்பை விடவில்லை. அதையே பெயராகவும் சூட்டிக்கொண்டார்கள்.

தோமா ஆலயம் 1794 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அதை வழிநடத்திய அப்சலோம் ஜோன்ஸ் அடிமையாகப் பிறந்தவர். முதலில் மனைவியின் விடுதலையை விலை கொடுத்து வாங்கி, பிறகு 1784இல் தாமும் விடுதலையானவர். பிஷப் வில்லியம் ஒயிட் 1795இல் அவரை டீக்கனாக, அதாவது குருவுக்கு முந்தைய நிலையில், அபிஷேகம் செய்தார். குருத்துவத்துக்குக் கிரேக்கமும் லத்தீனும் கட்டாயம் என்ற விதி அவருக்குத் தளர்த்தப்பட்டது. பெயரே கிரேக்கமாக உள்ள சபையில் இப்படியொரு சலுகை! அதற்கு விலையும் இருந்தது: மறைமாவட்டப் பேரவைக்கு அந்தப் பங்கு பிரதிநிதிகளை அனுப்பக்கூடாது. இந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. மேற்பார்வை உண்டு, வாக்கு இல்லை.

பங்கு என்பது கத்தோலிக்க வழக்கு, திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யில் ஏறத்தாழ இதற்கு நிகரானது சேகரம். பங்கின் பெயருக்குரிய புனிதரைக் கத்தோலிக்கர் ‘பாதுகாவலர்’ என்பர். பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசும் அதே தோமாவே பிலடெல்பியாப் பங்கின் பாதுகாவலரும். எபிஸ்கோப்பல் நாட்காட்டியில் அவர் திருநாள் டிசம்பர் 21. கத்தோலிக்கருக்கும் முன்பு அதுதான். 1969 திருத்தத்தில் ஜூலை 3க்கு மாறியது.