வண்டிக்குள் ஒரு கிராணி

போன தீபாவளிக்கு முன்னால் என் மச்சான் ஒரு பழைய கார் வாங்கினார். பழையது என்றால் மூன்று வயதுதான். நடுவில் பெரிய திரை, கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஆண்டெனா, எல்லாம் இருந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனவர், இரண்டு நாள் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், காரை விற்றவரிடமிருந்து போன்.

"அண்ணே, காடி ஏதும் செம்பனைக் காட்டுல மாட்டிக்கிச்சா? ரெண்டு நாளா அசையவே இல்லையே!"

விற்றவர் தன் கைப்பேசியில் இருந்த காரின் செயலியை நீக்க மறந்திருந்தார். அக்கறையில்தான் கேட்டார், பாவம். மச்சானுக்குத்தான் வியர்த்துவிட்டது. மறுநாள் பசியாறிய கையோடு டவுனில் இருக்கும் ஒயரிங் கடையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். "தம்பி, இதுல இருக்கிற சிம்மைக் கழட்டிடு."

அந்த சிம் கழற்றுகிற சிம் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் புத்தகம் அளவில், காரின் தகவலை வெளியே அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் பெட்டி ஒன்று இருக்கும். கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும் 4ஜி மோடம், ஜிபிஎஸ், நினைவகம் எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலும் இ-சிம், அதாவது பயறு அளவில் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த சில்லு. பல பெட்டிகளில் தனியாக ஒரு குட்டி பேட்டரியும் உண்டு. விபத்தில் பெரிய பேட்டரி நசுங்கினாலும் உதவிக்கு அழைக்க வேண்டுமே!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியற்காலையில் ஆட்கள் களத்தில் நிற்க, கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் பெயர் பதிவார். அப்புறம் அது ஆபீசுக்குப் போகும். எழுதுவது ஒரு வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. காரிலும் அப்படித்தான். இன்ஜின், பிரேக், கதவு, சீட் பெல்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அவை முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே பேசிக்கொள்ளும். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய அந்த ஏற்பாட்டுக்குக் கேன் பஸ் என்று பெயர். அந்தப் பேச்சிலிருந்து வேகம், சட்டென்று பிரேக் போட்ட நேரம் போன்றவற்றைப் பெட்டி எடுத்து எழுதிக்கொள்கிறது. மோடம் அதைச் சுமந்துபோகிறது.

இங்கே பலரும் ஜிபிஎஸ் மேல் பழி போடுகிறார்கள். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டுக் கார் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. நீங்கள் வீட்டில் மின்னல் எஃப்எம் கேட்பது வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? செயற்கைக்கோளுக்கும் அப்படித்தான். ஊருக்குச் சொல்வது மோடம்.

சரி, மோடத்தின் வாயை எப்படி அடைப்பது? ஃபியூஸைப் பிடுங்குவது முதலில் தோன்றும் யோசனை. ஒயரிங் தம்பி வேண்டாம் என்று தலையாட்டினார். சில மாடல்களில் கைதொடாமல் பேசும் மைக்கும் அதே இணைப்பில் ஓடுகிறது, சிலவற்றில் ஒரு பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து போய்விடும். குட்டி பேட்டரி இருந்தால் பெட்டி உடனே அணையவும் அணையாது.

ஆண்டெனா ஒயரைக் கழற்றலாமா? கழற்றலாம், ஆனால் மோடம் லேசில் விடாது. தூரத்தில் நிற்பவரிடம் பேச நாம் குரலை உயர்த்துவது போல, கோபுரத்தின் சிக்னல் மங்கினால் மோடமும் சக்தியைக் கூட்டும். சாதாரண 4ஜி கருவிக்கு உச்சம் சுமார் 0.2 வாட். கோபுரம் பக்கத்தில் இருந்தால், வெறுமனே நிற்கும் இணைப்பு முனையே ஆண்டெனாவாகிப் பேசிவிடக்கூடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் அந்த முனையில் 50 ஓம் தடை கொண்ட சின்ன மூடி ஒன்றைத் திருகிவிடுவார்கள். டம்மி லோடு என்பார்கள். காற்றில் போக வேண்டிய அலையின் சக்தி அதில் சூடாக மாறிக் கரைந்துவிடும். கோபுரத்தின் குரலும் உள்ளே வராது. மோடத்தைப் பொறுத்தவரை, தான் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது!

அலுமினியத் தாளைத் துடுப்பில் சுற்றுபவர்களும் உண்டு. 4ஜி பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான்; கார்க் கண்ணாடி அதைவிடப் பெரிய திறப்பு. சுற்றிலும் இரும்பாக இருக்கிற காருக்குள் நாம் போன் பேசவில்லையா? கண்ணாடி வழியே அலை வந்து போகிறது. தாளில் விட்ட இடைவெளியிலும் அப்படியே கசியும். உள்ளே இரண்டாவது ஆண்டெனா இருந்தால் சுற்றிய தாள் வீண்.

செம்பனை ஓலையின் ஈரம் சிக்னலைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால் தோட்டத்துக்குள் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். பெட்டி எழுதி வைத்துக்கொண்டு, டவுனுக்கு வந்ததும் அனுப்பலாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு: ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநர்களின் இருப்பிடத்தைச் சில சமயம் 3 விநாடிக்கு ஒருமுறைகூடச் சேகரித்து விற்றது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அதற்கு முந்தைய மாதம்தான், ஃபோல்க்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்தது தெரியவந்தது.

துண்டித்தால் இழப்பும் உண்டு. விபத்தில் தானாக உதவி கேட்கும் வசதி போகும், காற்றுவழி மென்பொருள் திருத்தங்கள் வராது. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமான இகால் என்ற தானியங்கி அவசர அழைப்பு வசதி, விபத்து நேரும்வரை வாய் திறக்காமல் தூங்கும்படியே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆக, வாயை மூடிக்கொண்டிருக்கும் மோடம் சாத்தியம்தான். நாள் முழுக்கப் பேச வைப்பது தயாரிப்பாளர்களின் விருப்பம் என்றே நான் சொல்வேன்.

தம்பி முதலில் செயலியோடு இணைந்திருந்த, விற்றவரின் பழைய கணக்கை அழித்தார். அதுவே மச்சானின் பாதிப் பிரச்சினை. பிறகு இரண்டு ஆண்டெனா முனைகளிலும் மூடியைத் திருகினார். திரை மூலையில் 4ஜி கோடுகள் மறைந்தன. வண்டியிலேயே பதிந்திருந்த வரைபடம் மட்டும் வழக்கம்போல ஈப்போ சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, காடியை உங்க போன் ஹாட்ஸ்பாட்ல சேத்துடாதீங்க, அந்த வழியா போயிடும். எழுதுறதும் நிக்காது, சர்வீஸ்ல கம்ப்யூட்டர் மாட்டுனா எடுத்துக்கலாம். அப்புறம், வாரண்டி இருக்கிற வரைக்கும் சர்வீஸுக்கு முந்தின நாள் இங்க வந்துடுங்க, மூடிய கழட்டித் தரேன்."