‘இஸ்’ஸை விட்டுவிடும் பிள்ளைகள்: பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் பற்றிப் பெற்றோருக்கு

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லிக்கொடுக்கிறேன். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கிருஷ்ணாபுரம் பக்கமிருந்தும் வருகிறார்கள். புதிதாகச் சேரும் பிள்ளையின் பையில் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். நவுன் (பெயர்ச்சொல்) என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் நிறையச் சொற்கள், அடுத்த பக்கம் வெர்ப் (வினைச்சொல்), அதற்கடுத்து அட்ஜெக்டிவ் (பெயரின் தன்மையைச் சொல்லும் சொல்). வாக்கியத்தில் செய்யும் வேலையை வைத்துச் சொற்களைப் பிரிக்கும் இந்த வகைகள்தான் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்வி: “டீச்சர், லிஸ்ட் பூரா தலைகீழா ஒப்பிக்கான். பரீட்சையில மட்டும் ஏன் கோட்டை விடுதான்?”

அந்த லிஸ்ட்தான் காரணம்.

வாட்டர் என்ற சொல் எல்லா நோட்டிலும் நவுன் பக்கத்தில் இருக்கிறது. ‘வி வாட்டர் த பிளான்ட்ஸ் எவ்ரி ஈவ்னிங்’ என்று எழுதிப்போட்டால், மனப்பாடம் செய்த பிள்ளை தயங்காமல் வாட்டருக்கு நவுன் என்று எழுதும். இங்கே அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற செயல், வெர்ப். ‘ரவுண்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்றால் அட்ஜெக்டிவ். ‘த செகண்ட் ரவுண்ட்’ என்றால் நவுன். ‘வி வென்ட் ரவுண்ட் த டெம்பிள்’ என்றால் பிரெப்போசிஷன் (பெயரின் முன்னால் நின்று உறவைக் காட்டும் சொல்). ‘ஹி டர்ன்ட் ரவுண்ட்’ என்றால் அட்வெர்ப் (செயல் நடந்த விதத்தையோ இடத்தையோ சொல்லும் சொல்). ‘த பஸ் ரவுண்டட் த கார்னர்’ என்றால் வெர்ப். ஒரே சொல், ஐந்து வேலை. எந்தப் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வது?

தமிழ்ப் பிள்ளைக்கு இது ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்று பார்க்க வேண்டும். ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்பதை ‘பூனையை நாய் துரத்தியது’ என்று மாற்றினாலும் துரத்தியது நாய்தான். ‘ஐ’ உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘த டாக் சேஸ்ட் த கேட்’ என்பதில் டாகையும் கேட்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். தமிழ் சொல்லின் கடைசியில் அடையாளம் வைக்கிறது. ஆங்கிலம் பெரும்பாலும் சொல் நிற்கும் இடத்தில் வைக்கிறது. பிள்ளை பழக்கப்படி சொல்லையே உற்றுப் பார்க்கிறது. பார்க்க வேண்டியது அதன் முன்னும் பின்னும்.

ஆனாலும் தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளையிடம் பெரிய பலம் இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. ‘ஐஎன்ஜி’ சொற்களைப் பாருங்கள். ‘ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்’, ‘ஹி இஸ் ஸ்விம்மிங் இன் த ரிவர்’, ‘டிரிங்க் ரன்னிங் வாட்டர்’ என்று மூன்று வாக்கியம் கொடுத்தால் குழம்புவார்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீந்துவது, நீந்துகிறான், ஓடும் நீர். தொழிற்பெயர், வினைமுற்று, பெயரெச்சம் என்று தமிழ் வகுப்பில் படித்ததை அதுவாகவே சொல்லும். நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் வேலை செய்யும் சொல் என்று பிரிக்க அதற்குமேல் அதிக நேரம் ஆகாது. ‘வேகமான பஸ்’, ‘வேகமாக ஓடினான்’ என்று சொல்லிப் பார்த்தால், ‘ஃபாஸ்ட்’ எங்கே அட்ஜெக்டிவ், எங்கே அட்வெர்ப் என்பதும் இப்படியே பிடிபடும்.

இந்த வழி மூன்று இடங்களில் காலை வாரும். அவற்றைச் சொல்லாமல் விடுவது தவறு.

‘அவர் என் சித்தப்பா’ என்பது தமிழில் முழு வாக்கியம். அதில் வினையே இல்லை. ஆகவே ‘ஹி இஸ் மை அங்கிள்’ வாக்கியத்தில் வெர்பைக் கோடிடச் சொன்னால் பிள்ளை ‘இஸ்’ஸைக் கண்டுகொள்ளாது. எத்தனையோ பேர் அங்கிளுக்குக் கோடு போடுகிறார்கள். எழுதும்போதும் ‘இஸ்’ஸை விட்டுவிடுகிறார்கள். இஸ், ஆர், வாஸ் எல்லாம் வெர்ப் என்பதை முதல் வாரத்திலேயே அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ‘ஐ ஆம் ஹங்க்ரி’. ‘பசிக்கிறது’ தமிழில் வினை என்பதால் ஹங்க்ரிக்கு வெர்ப் என்று எழுதுவார்கள். அதன் முன்னால் ‘வெரி’ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வெரி ஹங்க்ரி’ பொருந்துகிறது. ‘வெரி ஈட்’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ஆம்தான் வெர்ப், ஹங்க்ரி அட்ஜெக்டிவ்.

மூன்றாவதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். ‘அல்வா நன்றாக இருக்கிறது’ என்கிறோம். ‘ஆக’ வந்துவிட்டது, அட்வெர்ப் என்று நினைத்து ‘த அல்வா டேஸ்ட்ஸ் வெல்’ என்று எழுதுவார்கள். ‘குட்’ என்றுதான் வர வேண்டும். அது அல்வாவின் குணத்தைச் சொல்கிறது. டேஸ்ட், ஸ்மெல், லுக், சவுண்ட், ஃபீல், சீம் போன்ற வெர்பு வரும்போது அதை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த அல்வா இஸ் குட்’ நிற்கிறது என்றால் அடுத்து வருவது அட்ஜெக்டிவ். ‘ஷி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவள் முகத்தில் கோபம். ‘ஷி லுக்ட் ஆங்க்ரிலி அட் த டாக்’ என்றால் நாயைப் பார்த்த விதத்தில் கோபம். வங்கித் தேர்வுக்கும் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிற அண்ணன் அக்காமார் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் சிக்குவதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

‘எல்ஒய்’யில் முடிந்தால் அட்வெர்ப் என்ற சூத்திரத்தையும் நம்ப வேண்டாம். ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி மூன்றும் அட்ஜெக்டிவ்.

பிரெப்போசிஷனுக்கு ஒரு வார்த்தை. நம் மொழியில் இந்த உறவு பெயருக்குப் பின்னால் வரும்: வீட்டில், மேசைமேல். ஆங்கிலத்தில் முன்னால். நம்ம பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த வேறுபாட்டைக் குறித்திருக்கிறார். ‘இன்’னுக்குப் பின்னால் ஒரு நவுனோ ப்ரோநவுனோ (அவன், அது போன்ற சொல்) இருந்தால் பிரெப்போசிஷன், ‘கம் இன்’ என்பதுபோல் தனியாக நின்றால் அட்வெர்ப்.

இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் இதற்கு உதவ முடியும். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொல்லி, அர்த்தத்தைத் தமிழில் கேளுங்கள். பிறகு “யாரு? என்ன செஞ்சா? எப்படிச் செஞ்சா? எந்த மாதிரி ஆளு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்தந்தப் பதிலுக்கான இங்கிலீஷ் சொல்லின்மேல் விரலை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து வாக்கியம் போதும். நவுன், வெர்ப் என்று வகையின் பெயரை எழுதுவது கடைசியில். விரல் சரியான இடத்துக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.