தோள் வலின்னு உங்க பிள்ளை சொல்லலைன்னா வலி இல்லன்னு அர்த்தம் இல்ல: நீச்சல் பிள்ளைங்களோட பேரண்ட்ஸுக்கு ஒரு பிசியோ எழுதுறது

அமெரிக்க நீச்சல் வீராங்கனை மிஸ்ஸி ஃபிராங்க்ளினைப் பத்தி எங்கிட்ட வர்ற பேரண்ட்ஸ் நிறைய பேருக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்சிக்கணும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 17 வயசுல 4 தங்கம், 1 வெண்கலம். அடுத்த வருஷம் பார்சிலோனா வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல ஒரே மீட்ல 6 தங்கம். அமெரிக்காவே இனி பத்து வருஷம் இந்தப் பொண்ணுதான்னு நெனச்சுது. 2014ல முதுகு புடிச்சுகிட்டுது, 2016 ரியோவுல தனியா நீந்தின ரெண்டு ஈவென்ட்லயும் ஃபைனலுக்கே வர முடியல, 2017 ஜனவரில ரெண்டு தோள்லயும் ஆபரேஷன், அதுக்கப்புறமும் வலி விடல. 2018 டிசம்பர்ல ரிட்டையர்மென்ட் சொல்லும்போது அவங்க வயசு 23.

ஆஸ்திரேலியாவோட ஷேன் கூல்ட் இதைவிடச் சீக்கிரம், 1972 மியூனிக்ல 15 வயசுல 3 தங்கம், மூணுமே உலக சாதனை, அடுத்த வருஷமே 16 வயசுல விலகிட்டாங்க. நம்ம குற்றாலீஸ்வரனும் அப்படித்தான், 1994ல ஒரே வருஷத்துல ஆறு கடல் நீச்சல் முடிச்சு மிஹிர் சென்னோட சாதனையைத் தாண்டின பையன், இருபது வயசுக்குள்ளயே நீச்சலை விட்டுட்டு படிப்புப் பக்கம் போயிட்டாரு, நீச்சலைத் தொடரப் பணம் இல்லாதது பெரிய தடையா இருந்துச்சு.

ஒவ்வொருத்தருக்கும் காரணம் வேற வேற. ஸ்பான்சர் இல்லாததையும் டென்த் போர்டு எக்ஸாமையும் என்னால சரி பண்ண முடியாது, தோளைப் பத்தி என்னால பேச முடியும், அதனால அதை மட்டும் பேசுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். "நீச்சல்ல எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும் சார், அதுக்குள்ள சாதிச்சிடணும்"னு அவசரப்படுறாங்க பாருங்க, அது உண்மை இல்ல. அமெரிக்காவோட கேட்டி லெடெக்கியும் 15 வயசுலதான் 800 மீட்டர்ல மொத ஒலிம்பிக் தங்கம் வாங்கினாங்க, 2024 பாரிஸ்ல 27 வயசுல அதே 800 மீட்டர்ல நாலாவது தடவையா ஜெயிச்சாங்க. இன்னொரு அமெரிக்க வீராங்கனை டாரா டாரஸ் 2008 பெய்ஜிங்ல 41 வயசுல 3 வெள்ளி. அதனால வயசு மேல பழி போட வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பையன் ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் நீந்துறான்னா 50 மீட்டர் பூல்ல 120 தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கை சுமாரா 17, 18 முறை சுத்தும், ஆக ஒரு கைக்கு மட்டும் 2000 சுத்துக்கு மேல, இது ஒரு நாளைக்கு. ஒவ்வொரு சுத்துலயும் கை தலைக்கு மேல போகும்போது தோள் எலும்புக்குக் கீழ இருக்குற சுப்ராஸ்பைனேட்டஸ்ங்கிற தசைநார் நசுங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு. தண்ணியை இழுக்குற நெஞ்சுத் தசையும் முதுகுத் தசையும் நீந்த நீந்த பலமாயிட்டே போகுது, தோள்பந்தை அதோட இடத்துல பிடிச்சு வைக்கிற பின்பக்கத் தசைங்க அந்த அளவுக்கு வளர்றதில்ல. ஆஸ்திரேலியாவுல 13லேர்ந்து 25 வயசு வரைக்கும் உள்ள டாப் லெவல் நீச்சல் வீரர்கள் 80 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2010ல வெளியாச்சு, 91 சதவீதம் பேருக்குத் தோள் வலி இருந்துச்சு, எம்ஆர்ஐ எடுத்தவங்கள்ல 69 சதவீதம் பேருக்கு அந்தத் தசைநார்ல பாதிப்பு. எவ்வளவு தூரம் நீந்துறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி பாதிப்பும் கூடியிருந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பக் கவலை தர்ற வயசு 11லேர்ந்து 14. பிள்ளை திடுதிப்புன்னு உயரமாகுற நேரம், எலும்பு வளர்ற வேகத்துக்குத் தசை ஈடு கொடுக்காது, சரியா அந்த நேரத்துலதான் ஸ்டேட் மீட் வருதுன்னு காலை சாயங்காலம் ரெண்டு செஷன் ஆக்குறாங்க, தண்ணியை அதிகமா இழுக்க கையில பேடில்ங்கிற தட்டை மாட்டி விடுறாங்க. டைமிங் குறையும், எல்லாருக்கும் சந்தோஷம், பிள்ளை மட்டும் ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாம இருக்கும். சொல்லாது. சொன்னா டீம்லேர்ந்து எடுத்துருவாங்களோ, ரிலேல பேரு போயிருமோன்னு பயம். எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ஜெல் தடவி, வலி மாத்திரை போட்டு நீந்தின பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். மாத்திரை வலியைத்தான் மறைக்குது, சுத்து அப்படியே நடந்துகிட்டு இருக்கு.

அதனால "வலிக்குதா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் வரும். தலை வாரும்போது கையை எப்படித் தூக்குறான்னு பாருங்க, ஸ்கூல் பேக்கை எந்தத் தோள்ல மாட்டுறான்னு பாருங்க, எந்தப் பக்கம் படுக்குறான்னு பாருங்க. கோச் கிட்ட கேட்டீங்கன்னா கை தண்ணிக்குள்ள போற விதம் மாறியிருக்கான்னு சொல்லுவாரு, களைச்ச பிள்ளையோட முழங்கை கீழ எறங்கிரும்.

இன்னொண்ணு, வலிச்சா "சரி இன்னிக்கு கிக் மட்டும் பண்ணு"ன்னு காலை மட்டும் அடிக்க மிதக்குற பலகையான கிக்போர்டு கொடுக்குறது ரொம்ப வழக்கம். கையை நீட்டி போர்டைப் புடிக்கிறப்போ அதே தசைநார்தான் மறுபடியும் நசுங்குது. கிக் பண்ணணும்னா மல்லாந்து, கையை உடம்போட வச்சு பண்ணட்டும். முழுசா ரெண்டு வாரம் லீவ் விட்டுட்டு மூணாவது வாரம் பழைய 6 கிலோமீட்டருக்கே திரும்புறதும் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், நடுவுல ரெசிஸ்டன்ஸ் பேண்ட்ங்கிற ரப்பர் பட்டையை வச்சு பின்பக்கத் தசைக்கான பயிற்சி, அது வலி போன பிறகும் தொடரணும்.

பொண்ணுங்க விஷயத்துல கூடுதலா ஒண்ணு சொல்றேன், ட்ரெய்னிங் அதிகமாகி சாப்பாடு குறைஞ்சு பீரியட்ஸ் மூணு மாசமா நின்னு போச்சுன்னா "ஸ்போர்ட்ஸ்ல இதெல்லாம் சகஜம்"னு விட்டுடாதீங்க, எலும்பையே பாதிக்கும், டாக்டரைப் பாக்கணும்.

தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி, கையைத் தூக்கும்போது பலம் இல்லாத மாதிரி இருக்குறது, ரெண்டு வாரம் தாண்டியும் போகாத வலி, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த வாரம் நேஷனல்ஸே இருந்தாலும் மொதல்ல ஸ்போர்ட்ஸ் டாக்டர் கிட்டயோ பிசியோ கிட்டயோ காட்டிட்டு அப்புறம் தண்ணில எறக்குங்க.