டீச்சர் சுட்டுவிரலாக இருந்த காலம்

கி.பி. 1000 வாக்கில் இங்கிலாந்தில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, மடத்துப் பிள்ளைகள் லத்தீன் பேசிப் பழக ஓர் உரையாடல் நூல் எழுதினார். பிள்ளைகள் உழவனாகவும் மீனவனாகவும் இடையனாகவும் வேடமேற்று, ஆசிரியர் கேட்பதற்கெல்லாம் லத்தீனில் பதில் சொல்ல வேண்டும். அந்த நூலின் பிரதி ஒன்றில் லத்தீன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருளும் எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்குப் பேசக் கற்றுத்தாருங்கள் ஆசிரியரே என்றுதான் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். கற்றுத்தருவதற்கு அங்கே உள்ள சொல் ‘டேச்சே’. ஆசிரியருக்கு உள்ள சொல் ‘லாரேயோவ்’. முதலாவது இன்றைய ‘டீச்’ என்று யாரும் கண்டுகொள்ளலாம். இரண்டாவது இன்று ஆங்கிலம் பேசுபவர்களுக்கே தெரியாது. ஒரே வரியில் நின்ற இரண்டு சொற்களில் ஒன்று பிழைத்தது, ஒன்று மறைந்தது.

பிழைத்ததை முதலில் பார்ப்போம். ‘டேச்சன்’ என்ற பழைய வினைக்குக் காட்டு, சுட்டு, வழி சொல் என்பதே அடிப்படைப் பொருள். அடையாளத்தைக் குறிக்கும் ‘டோக்கன்’ இதன் உடன்பிறப்பு. அதற்கும் முந்தைய வடிவம் எழுத்தில் கிடைக்கவில்லை. அங்கே மொழியியலாளர்களுக்குக் கைகொடுப்பது ஒலி மாற்றத்தின் ஒழுங்கு. ஒரு மொழியில் ஓர் ஒலி மாறும்போது அது ஒரு சொல்லில் மட்டும் மாறுவதில்லை. அதே சூழலில் அது வரும் எல்லாச் சொற்களிலும் மாறும். 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் ‘த’ போன்ற ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ட’ இருக்கும். தசம் என்றால் அங்கே டென், தந்தம் என்றால் அங்கே டூத். அதே கணக்கில் ‘டீச்’ போய்ச் சேரும் இடம் ‘திச்’ என்ற சமஸ்கிருத வேர். சுட்டிக்காட்டு என்பது அதன் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் திசை அதிலிருந்து வந்தது. உபதேசம் என்ற சொல்லின் நடுவில் இருப்பதும் அதே வேர்தான். அதாவது உபதேசமும் டீச்சிங்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த சொந்தங்கள். கற்பிப்பதற்கு இரண்டு மொழிகளும் தனித்தனியாக ‘சுட்டுதல்’ என்ற ஒரே வேரைத் தேர்ந்தெடுத்தது எனக்குத் தீராத வியப்பு.

சரி, ‘டீச்’ என்றால் சுட்டுவது என்பதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே சாட்சி உண்டா? அழகான சாட்சி ஒன்று உண்டு. ஆசிரியர் என்ற பொருளில் ‘டீச்சர்’ 1300 வாக்கில்தான் தென்படத் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதே சொல் சுட்டுவிரலுக்குப் பெயராக இருந்திருக்கிறது. ‘டீச்’சின் இறந்தகால வடிவமான ‘டாட்’டின் எழுத்துக்கூட்டலில் ஊமையாக நிற்கும் ஜி, எச் இரண்டும் கூடப் பழைய தடயம்தான். ஒரு காலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி உண்மையிலேயே ஒலித்தது.

இனி, காணாமல்போன லாரேயோவ். இதன் முதல் பாதி ‘லார்’, அதாவது போதனை. நாட்டார் வழக்காறுகளைக் குறிக்கும் இன்றைய ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லில் ‘லோர்’ ஆக இருப்பது அதுவே. 1846-இல் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் அந்தக் கூட்டுச்சொல்லை உருவாக்கியபோது, பழைய ஆங்கிலச் சரக்கையே வேண்டுமென்று எடுத்தார். லாரேயோவின் பின்பாதி ஊழியன் என்று பொருள்படும் சொல் தேய்ந்து வந்த வடிவம் என்று அகராதிக்காரர்கள் விளக்குகிறார்கள். ஆசிரியர் கல்விக்கு ஊழியம் செய்பவர். மாணவனுக்கும் இப்படியே ஒரு கூட்டுச்சொல் இருந்தது: ‘லியோர்னிங்க்னிஹ்ட்’, கற்கும் பையன். பழைய ஆங்கில நற்செய்தி நூல்களில் இயேசுவின் சீடர்கள் இந்தப் பெயரில்தான் வருகிறார்கள். அந்தப் பையன், ‘க்னிஹ்ட்’, பிற்பாடு குதிரையேறி வாள் பிடித்து ‘நைட்’ ஆனான்.

லார், லேர்ன் இரண்டுக்கும் அடியில் இருக்கும் வேரின் பொருள் தடம். கால்தடத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து கிளைத்ததே. செருப்பு தைப்பவர் பயன்படுத்தும் கால் வடிவ அச்சுக்கு ‘லாஸ்ட்’ என்ற பெயர் அதன் வழியாக வந்தது. அதே வேர் லத்தீனில் உழவுசாலை, அதாவது ஏர் கிழித்த பள்ளத்தை, குறித்தது. அந்த உழவுசாலை விட்டு விலகுவதுதான் ‘டெலிரியம்’, நம் மருத்துவர்கள் சொல்லும் அதே மனக்குழப்பம். ஆக, கற்பவன் தடம் பிடித்துப் போகிறவன்.

லாரேயோவ் என்ற இவ்வளவு செழிப்பான சொல் ஏன் மறைந்தது? 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, படித்தவர்களின் உலகம் லத்தீனிலும் பிரெஞ்சிலும் நடந்தது. ‘மாஸ்டர்’ போன்ற லத்தீன் வழிச் சொற்கள் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டன. பதவிப் பெயர்கள்தான் முதலில் அடிபடும் என்று நினைக்கிறேன். யார் நியமிக்கிறார்களோ அவர்கள் மொழியில்தானே பெயர் இருக்கும்! வினைச்சொல்லுக்கு அந்த நெருக்கடி இல்லை. வீட்டிலும் வயலிலும் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுப்பது எப்போதும்போல் நடந்தது, அதனால் ‘டீச்’ நின்றது. அதிலிருந்தே பின்னால் ‘டீச்சர்’ பிறந்தது. அந்தப் படையெடுப்பைச் சந்திக்காத ஜெர்மன் மொழியில் ஆசிரியர் இன்றும் ‘லேரர்’தான், லாரின் குடும்பம்.

இழப்பு இன்னொன்றும் நடந்தது. நமக்குக் கல், கற்பி என்று இருப்பதுபோல அவர்களுக்கு லியோர்னியன், லேரன் என்று ஒரு ஜோடி இருந்தது. கற்பித்தலைக் குறித்த லேரன் மெல்ல நலிந்தபோது, அதன் வேலையையும் சேர்த்து ‘லேர்ன்’ செய்யத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் உள்ள பைபிள் சங்கீதங்களின் 16-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில், எனக்குப் போதியும் என்ற இடத்தில் ‘லேர்ன் மீ’ என்றே இருக்கிறது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைப் படிக்காதவர்கள் பேச்சு என்று ஒதுக்கினார்கள். அது சரியில்லை என்பதே என் கருத்து. ‘ஐ’ல் லேர்ன் யூ’ என்று வட்டார வழக்கில் இன்றும் சொல்பவர்கள், லேரன் விட்டுப்போன வேலையை அந்தச் சொல்லிடம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.