பன்னிரண்டு மணி நேரம் பார்த்தால் இரண்டு நாள் சம்பளம்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ட்ரையர் (நெல் உலர்த்தும் இயந்திரம்) பார்ப்பவர், சம்பா சீசன் முடிந்ததும் என்னிடம் வந்தார். தினமும் காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவாராம். நாள் சம்பளம் 600, ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) என்று தனியாக 150 ரூபாய், கூடவே பரோட்டா. "முதலாளி நல்லவருதாண்ணே" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒரு நாள் வேலை என்பது 8 மணி நேரம். 600 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 75. எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டிப்பு, அதாவது 150. நான்கு மணி நேர ஓ.டி.க்கு இன்னொரு முழு நாள் சம்பளம் வர வேண்டும். அவருக்கு வந்தது ஒரு மணிக்கான காசு. மற்ற மூன்று மணியும் பரோட்டாவில் கழிந்துவிட்டது.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இரட்டிப்பு மட்டும் மாறவில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடை, ஜவுளிக் கடைக்காரர்களுக்கு 1947ஆம் ஆண்டு மாநிலக் கடைகள் சட்டம், அதிலும் இரட்டிப்புதான். "பன்னிரண்டு மணி நேரச் சட்டம்தான் வந்துடுச்சே" என்று மேனேஜர் சொன்னால் நம்ப வேண்டாம். அது 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா. திரும்பப் பெறுவதாக மே முதல் தேதியே முதல்வர் அறிவித்துவிட்டார்.

இனி ஏமாறும் இடங்கள். முதலாவது, "நீ சூப்பர்வைசர், உனக்கு ஓ.டி. கிடையாது" என்பது. பெயரை மாற்றினால் வேலை மாறிவிடாது. நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். மூட்டை சுமப்பவர் சுமப்பவர்தான். அடுத்தது, "உன்னைக் கூட்டி வந்த காண்டிராக்டரைக் கேள்" என்பது. காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் ஆலை கொடுக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது, தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கண்ணி வவுச்சர். பண்டிகைக்கு முன் அவசரமாக ஒரு தாளை நீட்டுவார்கள். "அனைத்துப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று கடைசி வரியில் இருக்கும், சில நேரம் தொகை எழுதும் இடமே காலியாக இருக்கும். கையெழுத்துப் போடாமல் வேலையில் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் தேதியை உங்கள் கையால் எழுதுங்கள், தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் எட்டு மணி நேரம்தான் இருக்கும். அதனால் உங்கள் பதிவேட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டில் வந்த நேரம், போன நேரம், அன்றைக்கு ஏற்றிய லாரி எண். கடைசி பஸ் டிக்கெட்டையும், "இன்னிக்கு லேட் ஆகும், இருங்க" என்று மேனேஜர் போட்ட வாட்ஸ்அப்பையும் அழிக்காதீர்கள். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் கூடுதல் நேரம் வேலை பார்த்ததற்கு உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அப்புறம் அலுவலகம். ஆலை என்றதும் தொழிலாளர் அலுவலகத்தில் "தொழிற்சாலை ஆய்வாளரைப் பாருங்க" என்பார்கள். அங்கே போனால் "சம்பளப் பாக்கி எங்க வேலை இல்லை". நான் ஒருவருடன் இப்படி நான்கு முறை அலைந்தேன், ஐந்தாம் முறை போனபோது அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். கலெக்டரின் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் வரும்.

பலர் தவறுவது ஒரு சொல்லில். "புகார் மனு" கொடுத்தால் அலுவலர் ஆலைக்குப் போய்ப் பார்ப்பார், டீ குடிப்பார், கோப்பு முடிந்துவிடும். நீங்கள் கொடுக்க வேண்டியது "கேட்பு மனு". எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி, எத்தனை ரூபாய் பாக்கி என்று அதில் எழுத வேண்டும். பணம் கொடுக்க உத்தரவு போடும் அதிகாரியிடம் போவது அதுதான். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கமே உங்களுக்காகப் போடலாம். மூன்று வருடம் வரை கேட்கலாம். "ஆறு மாசம் தாண்டிப் போச்சே" என்று யாராவது சொன்னால் அது பழைய சட்டம்.

நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒன்றும் நகரவில்லையா? பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதால் கோப்பைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்ததும் முதலாளி ராஜிக்கு வருவார். பாதித் தொகைக்கு ஒத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் செக் கொடுத்தால், அது பாஸாகிக் கணக்கில் பணம் ஏறும் வரை "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.