ரீபோருக்கு முன்னால் பெட்ரோல் குழாயைப் பாருங்கள்

என் பட்டறைக்கு இந்த வாரமும் ஒரு வள்ள இன்ஜின் வந்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின். "பழைய இன்ஜின் அண்ணாச்சி, இழுக்க மாட்டேங்கு. போன மாசந்தான் வேற இடத்துல ரீபோர் பண்ணி பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு போட்டோம். அப்படியும் அதே கததான்" என்றார் வள்ளக்காரர். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி நீளவாக்கில் கீறிக் காட்டினேன். வெளியே புதுசு மாதிரி இருந்தது. உள்ளே தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய்க் குழாய். ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து அகலமாக்கும் வேலைக்குப் போனதோ வட்டிக்கு வாங்கிய பணம்.

குளச்சலிலிருந்து கூத்தங்குழி வரை எங்கே போனாலும் இதே பேச்சுதான்: "பழசாயிட்டுல்லா, போர் போயிட்டு." யார் இதைக் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, தேய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் ஒரு ராத்திரியில் தேயாது. மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் தேயும். விடியற்காலை குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும். இழுக்கும்போது கையில் தெரிகிற இறுக்கம் குறைந்து, கயிறு லேசாக வரும். மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் சக்தி குறைவாகவே இருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய வள்ளம் இன்று இழுக்கவில்லை என்றால், சூடேறி பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருந்தால் ஒழிய, அது போர் அல்ல. கரையில் நன்றாக ஓடி, முழு வேகத்தில் பத்து நிமிஷம் போனதும் மூச்சு வாங்கி, கொஞ்சம் நிறுத்தி எடுத்தால் மறுபடி ஓடுகிறதா? அதுவும் போர் அல்ல. தேய்ந்த போர் பத்து நிமிஷ ஓய்வில் வளர்ந்துவிடுமா?

இதில் சந்தேகமே வேண்டாம் என்பதற்குத்தான் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை பாடியில் எர்த் செய்து, கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து நாலைந்து தடவை கயிற்றை இழுத்தால் எண் தெரிந்துவிடும். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டி, அது கம்பெனி புத்தகத்தில் உள்ளதை ஒட்டியும் இருந்தால் போரைத் தொடாதீர்கள். ஒன்று மற்றதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் யோசிக்கலாம். அப்போதும் ரிங் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரீபோர் என்று யார் சொன்னாலும் "கேஜ் எவ்வளவு காட்டிச்சு?" என்று கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் இன்ஜினை விட்டுவிட்டு வராதீர்கள். என்னிடமும் கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், அது மூடியே கிடந்து வந்த இன்ஜின்கள் உண்டு. அடுத்து, இன்ஜின் திணறும்போது குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். இன்ஜின் உடனே வேகம் பிடித்தால் எரிபொருள் போதிய அளவு வரவில்லை: குழாய், ஃபில்டர், கனெக்டர் அல்லது பெட்ரோல் பம்ப். இன்னும் சுலபமான வழி, பக்கத்து வள்ளத்தின் டேங்கையும் குழாயையும் கொஞ்ச நேரம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. செலவே கிடையாது.

இந்தக் குழாய்ச் சங்கடம் இப்போது அதிகமானதற்கு ஒரு காரணம், பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. உப்பி, இளகி, உரிகிறது. அதைவிட மோசம், எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நீங்கள் பெட்ரோலில் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயில் இல்லாத அந்தத் தண்ணீர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் போனால் பிஸ்டன் பிடிக்கும், அப்புறம் நிஜமாகவே ரீபோர்தான். மண்ணெண்ணெய் இன்ஜின்காரர்களே, ஸ்டார்ட் பண்ண மட்டும் வைத்திருக்கிற பெட்ரோல் வாரக்கணக்கில் கேனில் கிடக்கிறது அல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

அவர்களுக்கே இன்னொன்று. சூடாகிறது என்று, இன்ஜினின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியாதீர்கள்! மண்ணெண்ணெய் ஆவியாக இன்ஜினில் சூடு வேண்டும். பிடுங்கிவிட்டு ஓட்டினால் பிளக் கறுத்து, கார்பன் கட்டி, "இழுக்கல" என்று மறுபடி என்னிடமே வருவீர்கள். சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த இம்பெல்லர், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் பம்பின் சக்கரம். அது ரப்பர், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். தண்ணீரில் இறக்காமல் ஒரு நொடிகூட இன்ஜினை ஓட்டிக் காட்டாதீர்கள்.

இன்ஜின் உறுமுகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் புரொப்பெல்லரைப் பாருங்கள். நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கும். உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள், கோடு விலகியிருந்தால் அதுதான். புரொப்பெல்லரைக் கழற்றும்போது ஷாஃப்டில் தங்கூசி நரம்பு (நைலான் மீன்பிடி நூல்) சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

சில நேரம் இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. வள்ளத்தின் அடியில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்) அப்பியிருக்கும், அல்லது பழைய ஃபைபர் வள்ளத்தின் தளத்துக்குக் கீழே உள்ள ஃபோம் தண்ணீர் குடித்துப் பாரம் ஏறியிருக்கும். கரையேற்றும்போது முன்னைவிடக் கூடுதல் ஆள் தேவைப்படுகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டூ வீலருக்குப் போடும் 2டி ஆயில் வேண்டாம்; டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்குங்கள். "பழைய இன்ஜின், கூடக் கொஞ்சம் ஊத்துவோம்" என்பதும் வேண்டாம். பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்று புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லிதான். ஆயில் கூடினால் கார்புரேட்டரின் அதே துளையில் பெட்ரோல் குறையும், பிளக்கும் அடைக்கும்.

திணறுகிற இன்ஜினோடு தயவுசெய்து தூரம் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மாற்று பிளக், துடுப்பு இரண்டும் வள்ளத்தில் இருக்கட்டும், இன்னொரு வள்ளத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பட்டறைக்கு வரும்போது இன்ஜினை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். என் தண்ணீர் டிரம்மில், என் டேங்கில் மாட்டினால் அது அருமையாக ஓடும். நானும் ஏமாறுவேன், நீங்களும் ஏமாறுவீர்கள். உங்கள் டேங்க், குழாய், உள்ளே மிச்சமிருக்கிற எரிபொருள், எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள். டேங்கைக் கழுவிவிட்டு வராதீர்கள்.